பையனின் பாஸ்போர்ட்டும் ஜார்ஜ் வியாவும்

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லாரும் நலம். கமலாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. அந்தோணி பெண்ணுக்கு நிச்சயம் முடிந்துவிட்டது, உனக்கும் பத்திரிகை வரும்.

விஷயம் வேறு. என் பையன் அருண் போன மாதம் கனடா குடிமகனாகிவிட்டான். டொரண்டோவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு அந்தச் சான்றிதழைக் காட்டினான். வாழ்த்தினேன், சிரித்தேன். அப்புறம் மொட்டைமாடிக்குப் போய் வெகுநேரம் நின்றேன். இரண்டு பாஸ்போர்ட் வைத்துக்கொள்ள நம் சட்டத்தில் இடமில்லை. பழையதை ஒப்படைத்துவிட வேண்டும். அதை வாங்க அவனைக் கூட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்கே போய் வரிசையில் நின்றவன் நான்தான்.

அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. போனில் எதையெதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது 2022 கால்பந்து உலகக் கோப்பையின் அமெரிக்கா–வேல்ஸ் ஆட்டம் வந்தது. 36-வது நிமிடத்தில் அமெரிக்க அணியின் புலிசிச் கொடுத்த பந்தை ஒரு பையன் ஓடிவந்து கோலுக்குள் தள்ளுகிறான். டிமோதி வியா. நம்ம பழைய கால்பந்து நாயகன் ஜார்ஜ் வியாவின் மகன்! நியூயார்க்கில் பிறந்தவன், அமெரிக்காவுக்காக ஆடுகிறான். அப்பா அன்று கத்தாரில் அதே அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அப்போது அவர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற லைபீரியாவின் அதிபர், சேகர். வேறொரு நாட்டின் சட்டையில் தன் பிள்ளை கோல் போடுவதை ஒரு நாட்டின் அதிபர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தையே ஐந்தாறு தடவை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

நினைத்துப் பார், அந்த மனுஷனுக்கு உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூட ஆடக் கொடுத்துவைக்கவில்லை. லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவின் கிளாரா டவுன் குடிசைப் பகுதியில் பாட்டி வளர்த்த பிள்ளை. தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே பந்து ஆடியவர். கேமரூனில் ஆடிக்கொண்டிருந்தவரை 1988-ல் மொனாகோ அணிக்கு அழைத்துப்போனார் அதன் பயிற்சியாளர் வெங்கர். அங்கிருந்து பாரிஸ், பாரிஸிலிருந்து மிலான். 1995-ல் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி ஓர் விருதை வாங்கினார். ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கும் அந்த விருதைத் திறந்துவிட்ட முதல் வருஷமே அதை எடுத்துக்கொண்டார். இன்றுவரை வேறெந்த ஆப்பிரிக்கருக்கும் அது கிடைக்கவில்லை.

மிலானுக்காக, வெரோனா அணிக்கு எதிராக அவர் போட்ட அந்த கோலை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1996 செப்டம்பர். எதிரணியின் கார்னர், பந்து வியாவின் காலுக்கு வருகிறது, தன் கோல் பக்கத்திலிருந்தே ஓட ஆரம்பித்து, மைதானம் முழுக்கக் கடந்து போய் கோல் போடுகிறார். மாஸ்டர் வீட்டு டிவியில் அதைப் பார்த்த மறுநாள்தானே நீ பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து பனியனில் அவருடைய எண் 9-ஐ எழுதினாய்? ஒன்பதைத் திருப்பி எழுதி, கண்ணாடியில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது என்று சாதித்தவன் நீ.

ஆனால் அதே வருஷம் மன்ரோவியாவில் அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். நாட்டுக்கு ஐ.நா. அமைதிப்படை வர வேண்டும் என்று வாய் திறந்து சொன்னதற்காக. உள்நாட்டுப் போர் நடக்கிறது, லைபீரிய அணிக்குப் பணம் கொடுக்க ஆளில்லை. சட்டைக்கும் விமான டிக்கெட்டுக்கும் இவரே செலவு செய்தார். அப்படி இழுத்துக்கொண்டுபோன அணி தகுதிச் சுற்றில் 2002 உலகக் கோப்பையை ஒரே ஒரு புள்ளியில் தவறவிட்டது. நைஜீரியாவுக்கு 16, லைபீரியாவுக்கு 15. இருபது வருஷம் கழித்து மகன் அந்த மேடையில் கோல் போடுகிறான், நாடுதான் வேறு. அந்த நிமிடம் அவர் மனசில் என்ன ஓடியிருக்கும்? சந்தோஷம் மட்டும்தான் இருந்திருக்கும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. வருத்தம் மட்டும் என்றும் நினைக்க முடியவில்லை.

சரி, உன் பழைய வாதத்துக்கு வருகிறேன். ஆட்டக்காரன் ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பாய். 2005 அதிபர் தேர்தலில் எலன் ஜான்சன் சர்லீஃபிடம் அவர் தோற்றபோது எனக்கு போன் பண்ணிச் சிரித்தாய், நான் மறக்கவில்லை. படிப்பில்லாதவர் என்று அப்போது குத்திக்காட்டினார்கள். போய்ப் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தார். 2018-ல் அதிபரானார். ஆட்சியைப் பற்றி நீ சொல்வதில் பாதி உண்மை, ஒத்துக்கொள்கிறேன். விலைவாசி ஏறியது, ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அவருடைய அதிகாரிகள் மூன்று பேர் மீது ஊழலுக்காக அமெரிக்கா தடை போட்டது. கத்தாருக்குப் போன சமயத்தில்கூட ஒரு மாதத்துக்கு மேல் நாட்டிலேயே இல்லை என்று ஊரில் கோபம். அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்குக் கட்டணத்தை எடுத்தார், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

ஆனால் 2023 தேர்தலைப் பற்றி நீ பேசவே மாட்டேன் என்கிறாய். மறுசுற்றில் 20 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசம். ஒரு காலத்தில் பல ஆண்டு துப்பாக்கியால் அடித்துக்கொண்ட நாடு. கடைசி எண்ணிக்கை அறிவிக்கும் முன்பே, ஜெயித்த பொவாகாய்க்கு போன் செய்து வாழ்த்தினார், வானொலியில் தோல்வியை ஒத்துக்கொண்டார். சண்டை பிடிக்கவில்லை. வெரோனா கோலைவிட எனக்கு அது பெரிசு, சேகர். இதைப் பல நாளாக உன்னிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

அருணிடம் இன்னும் மனசு விட்டுப் பேசவில்லை. "உங்களுக்கு வருத்தமாப்பா?" என்று அவனே கேட்டான். இல்லை என்றேன். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். டிசம்பரில் வருகிறான், விசா வாங்கிக்கொண்டு. என் பிள்ளை என் வீட்டுக்கு வர விசா! எழுதும்போதே கை நிற்கிறது.

நீயும் அந்த வாரம் வா. உன் முன்னால் என்றால் அவனிடம் பேசுவது எனக்குச் சுலபம். அந்தப் பனியன் இருந்தால் கொண்டுவா. மைதானத்தில் பாதியை வேலி போட்டு எடுத்துக்கொண்டார்கள், ஆனால் கோல்போஸ்ட் இருந்த பக்கம் இன்னும் அப்படியே கிடக்கிறது.

அன்புடன்,
முத்து