மீண்டு வந்தவர்களின் கதை விடுபட்டுவிட்டது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரை, 'ஸ்டார் ட்ரெக்' தொடர்களில், பிறரைக் கவர்ந்து உடலில் இயந்திரங்களைப் பொருத்தி ஒரே கூட்டு மனத்தில் இணைத்துவிடும் போர்க் இனத்தை, மனிதன் இயந்திரமாகிவிடுவான் என்ற அச்சத்தின் வடிவமாக மட்டுமே விளக்கியிருந்தது. 1989இல் அவர்கள் முதலில் தோன்றிய அத்தியாயத்துக்கு அந்த விளக்கம் பொருந்தும். அதன் பின் வந்த கதைகளோ, உடலில் பொருத்தப்பட்ட உலோகத்தைவிட, மறுத்துப் பேசும் திறன் ஒருவரிடமிருந்து பறிபோவதைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டன என்பது என் உறுதியான கருத்து.

1990இல் விண்கலத் தலைவரான கேப்டன் பிக்கார்டைக் கூட்டு மனத்தில் இணைத்துக்கொள்ளும் போர்க், அவருடைய அனுபவத்தையும் போர்த்திறனையும் கொண்டே அவருடைய சொந்தப் படையின் 39 கப்பல்களை அழிக்கின்றனர். அவர் மீட்கப்பட்டதும் கதை முடிந்துவிடவில்லை. அடுத்த அத்தியாயத்தில் அவர் பிரான்சில் உள்ள தம் அண்ணனின் திராட்சைத் தோட்டத்துக்குச் செல்கிறார். அங்கே அண்ணனோடு சேற்றில் கட்டிப் புரண்டு சண்டையிட்ட பிறகுதான், போர்க்கைத் தடுக்கத் தமக்கு வலிமை போதவில்லையே என்று வாய்விட்டு அழுகிறார். விண்வெளிச் சாகசங்களுக்காகவே பார்க்கப்பட்ட ஒரு தொடர், சிதைந்த ஒரு மனம் தேறுவதற்காக ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியது எனக்கு இன்றும் பெரிதாகத் தோன்றுகிறது. 1992இல் ஹியூ என்ற இளம் போர்க் முதன்முறையாக மறுத்துப் பேசும் காட்சியும் இதே வரிசையில் வைக்கத் தக்கது.

கட்டுரையில் ஒரு வரிகூடப் பெறாத, 'ஸ்டார் ட்ரெக்' வரிசையின் 'வாயேஜர்' தொடரே இந்தச் சிக்கலின் ஆழத்துக்குச் சென்றது. சிறுமியாக இருந்தபோதே போர்க் கவர்ந்துகொண்ட செவன் ஆஃப் நைன் என்ற பெண்ணை, 1997இல் அத்தொடரின் விண்கலத் தலைவரான கேப்டன் ஜேன்வே கூட்டு மனத்திலிருந்து துண்டிக்கிறார். அந்தப் பெண் விடுதலையைக் கேட்கவில்லை. தன்னைத் திருப்பி அனுப்பும்படிதான் மன்றாடுகிறாள். சொந்த விதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் போற்றுகிற நீங்களே அதை எனக்கு மறுக்கிறீர்கள் என்று அவள் கேட்கும்போது, தேர்ந்தெடுக்கும் திறனையே அவள் இழந்துவிட்டாள் என்றும் அது திரும்பும்வரை அவளுக்காகத் தாமே முடிவெடுக்கப்போவதாகவும் ஜேன்வே பதிலளிக்கிறார். ஜேன்வே செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன்; ஆனாலும் தன் சம்மதமின்றி இணைக்கப்பட்ட ஒருத்தி, தன் சம்மதமின்றியே விடுவிக்கப்படுகிறாள் என்ற உறுத்தலை அந்தப் பதில் தீர்த்துவைக்கவில்லை.

தொடரும் அதை மறக்கவில்லை. 1999இல் வந்த ஓர் அத்தியாயத்தில், முன்பு கூட்டு மனத்திலிருந்து விலகி நின்ற போர்க் மூவரைத் தனிமைக்கு அஞ்சிய செவனே மீண்டும் அதனுள் தள்ளியிருந்தாள் என்பது தெரியவருகிறது. பின்னர் போர்க்கிடமிருந்து தப்பியபோதும், மூவர் மனமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது. பிரித்தால் ஏறத்தாழ ஒரு மாதமே வாழ்வார்கள். போர்க்கிடமே அனுப்பினால் நெடுங்காலம் இருப்பார்கள். அவர்கள் நினைவிழந்து கிடக்கையில் பிரித்துவிடும்படி சொல்பவள் செவன்தான். ஜேன்வேயிடம் அவள் கேட்ட கேள்விக்கு, இப்போது அவளே விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டுரையாளர் இத்தொடர்களைப் பற்றி மேலும் எழுதுவாரானால், மீட்கப்பட்டவர்களின் இந்தக் கதைகளையும் விரிவாக ஆராய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்