வைஃபை சிப்பின் விலையை முழுதாகக் கணக்கிடுங்கள்: மடிக்கணினி நிறுவனங்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய மடிக்கணினி தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். லேப்டாப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் நான். புதிய மாடலுக்கு வைஃபை சிப் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் போடும் கணக்கைப் பற்றி எழுதுகிறேன்.

இன்டெல் ஏஎக்ஸ்200 போன்ற கார்டு எல்லா வேலையையும் தானே செய்கிறது. பிசிஐஇ என்ற பொதுவான இணைப்பு வழியாக இணைவதால், இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பிராசசர் உள்ள போர்டிலும் ஓடும். ஏஎக்ஸ்201 அப்படியல்ல. அது சிஎன்விஐ முறை: வைஃபையின் டிஜிட்டல் பகுதி, பிராசசரோடு மற்ற பாகங்களை இணைக்கும் இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கும், கார்டில் ரேடியோ மட்டுமே. கார்டில் வேலை குறைவு என்பதால் அது மலிவாகக் கிடைக்கிறது. லட்சக்கணக்கில் வாங்கும் உங்களுக்கு அது பெரிய மிச்சம், மறுக்கவில்லை. ஆனால் சிப்செட்டுக்குள் போன பகுதியும் இலவசம் இல்லையே! கார்டுகளின் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சரியான ஒப்பீடு ஆகாது.

மீதிச் செலவு வாங்கியவர் தலையில் விழுகிறது. இரண்டு கார்டும் எம்.2 2230 என்ற ஒரே அளவு, ஒரே சாக்கெட்டில் உட்காரும். ஏஎக்ஸ்201-ஐ வாங்கி ஏஎம்டி லேப்டாப்பில் மாட்டினால் வேலை செய்யாது. சில இன்டெல் போர்டுகளில் அந்த சாக்கெட்டுக்கு பிசிஐஇ இணைப்பே கொடுப்பதில்லை. அப்புறம் மீடியாடெக், குவால்காம் போன்ற வேறு நிறுவனங்களின் கார்டு எதையும் போட வழியில்லை. சிப்பை போர்டிலேயே சால்டர் செய்துவிட்டால் இன்னும் மோசம். சின்னப் பழுதுக்கு முழு போர்டையே மாற்றச் சொல்கிறார்கள்.

2003-இல் இன்டெலின் சென்ட்ரினோ என்ற லேப்டாப் முத்திரை வந்தபோதும் இப்படி ஒரு கட்டுப்பாடு இருந்தது. பென்டியம் எம் பிராசசர், 855 சிப்செட், புரோ வயர்லெஸ் 2100 வைஃபை கார்டு மூன்றும் சேர்ந்தால்தான் அந்த முத்திரை. 2100-இன் வேகம் நொடிக்கு 11 மெகாபிட். பிராட்காம் நிறுவனம் அப்போதே 54 மெகாபிட் சிப் விற்றுக்கொண்டிருந்தது. ஆனாலும் 2100 மினி பிசிஐ என்ற கழற்றக்கூடிய கார்டாக வந்ததால், பின்னாளில் கழற்றி வேறொன்று போட இடம் இருந்தது. அந்த இடத்தைத்தான் இப்போது கேட்கிறேன்.

வைஃபை கார்டை சாக்கெட்டில் வையுங்கள். சிஎன்விஐ கொடுத்தாலும் பிசிஐஇ இணைப்பையும் சேர்த்தே கொடுங்கள். எந்த வகை சாக்கெட் என்பதை விவரப் பட்டியலில் அச்சிடுங்கள். வேறு கார்டு போட்டால், லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸ் அதை மறுக்கும்படி செய்யாதீர்கள்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுபார்ப்பவன்