சுவரில் எழுதிய அந்த எண்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்தது. மூட்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயா இல்லையா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். இங்கே என்னைக் குடியிருப்புச் சங்கத்துக்குப் பொருளாளராகப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். கணக்கு வாத்தியாராக இருந்த பாவம், வேறென்ன.

போன மாதம் ஒரு கூத்து. பராமரிப்பு வசூலின் பன்னிரண்டு வருட மொத்தம் 2,14,73,950 ரூபாய் இருந்தது. ஒரு வீட்டுக்காரர் 1,500 கட்டினார். உடனே கணினி, மைனஸ் 2,14,74,222 ரூபாய் 96 பைசா என்று காட்டியது! செயலாளருக்கு வியர்த்துவிட்டது. யாரோ சுருட்டிவிட்டார்கள் என்று மாடிப்படியில் பேச்சு வேறு. மென்பொருள் எழுதிய பையன் தொகையைப் பைசாவாக, 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்க இடத்தில் வைத்திருக்கிறான்; அதில் ஒன்று பிளஸ்-மைனஸ் குறிக்குப் போய்விடும். அதில் அடங்கும் மிகப் பெரிய எண்ணைத் தாண்டினால் மறுகோடியில் மைனஸிலிருந்து தொடங்கும்.

அந்த எண் எது தெரியுமா? 2147483647. விடுதிச் சுவரில் நீ கரித்துண்டால் எழுதி வைத்தாயே, அதேதான். 2-இன் 31ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைவு.

பகா எண்தானா என்று நாம் 3, 7, 11 என வகுக்க ஆரம்பித்து இரண்டாம் நாளே ஓடிவிட்டோம். வகுத்துப் பார்க்க வேண்டியது வர்க்கமூலம் வரை, அது 46,340 சொச்சம். அதுவரை உள்ள பகா எண்களே நாலாயிரத்து எழுநூறுக்கு மேல். 1772இல் இதைப் பகா எண் என்று நிறுவி, கணித மேதை ஆய்லர் இன்னொரு கணித அறிஞரான பெர்னூலிக்குக் கடிதம் எழுதியபோது, ஆய்லருக்குக் கிட்டத்தட்டப் பார்வையே இல்லை. அவர் எல்லாவற்றாலும் வகுக்கவில்லை. இதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால், ஃபெர்மா தேற்றப்படி அதில் ஒன்றைக் கழித்து வருவது 31ஆல் வகுபட வேண்டும். காரணி ஒற்றைப்படை, ஆகவே 62ஆலும் வகுபடும். கூடவே, 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7தான் வரலாம். இந்த இரண்டு சல்லடையிலும் தேறுகிற எண்கள் நானூறுக்குள். அவற்றில் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். நமக்கு அன்று இது தெரிந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்திருப்போம்.

இப்படி 2-இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைத்து வரும் பகா எண்களில், இதுவரை நான் அறிந்த பெரியது 2024 அக்டோபரில் கிடைத்தது. அடுக்கு 13,62,79,841. எழுதினால் நான்கு கோடியே பத்து லட்சம் இலக்கங்களுக்கு மேல். நம் சுவர் தாங்காது.

வருவது பகா எண்ணாக இருக்க, அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது என்று நீ சண்டை போட்டதும் நினைவிருக்கிறது: 11ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைத்தால் வரும் 2047, 23 பெருக்கல் 89. உன் கட்சிதான் ஜெயித்தது.

பையன் இப்போது 64 பிட்டுக்கு மாற்றிவிட்டான். இனி உச்சம் 2-இன் 63ஆம் அடுக்கு கழித்தல் ஒன்று. 63 மூன்றால் வகுபடுவதால், அந்தப் பிரம்மாண்டம் 2-இன் 3ஆம் அடுக்கு கழித்தல் ஒன்றான வெறும் 7ஆலேயே வகுபட்டுவிடும். செயலாளர் நிம்மதியாகத் தூங்குகிறார். எனக்குத்தான் பழையது போனதில் கொஞ்சம் வருத்தம்.

ஆபரேஷன் தேதியை எழுது. துணைக்கு வந்து இருக்கிறேன்.

அன்புடன்,
ராமு