மரத்தின் உச்சியில் நின்றுபோன கதை

அன்பு மகள் கயலுக்கு,

நீ கடைசியாக எழுதிய கடிதம் இன்னும் என் மேசையின் மேல்தான் இருக்கிறது. மழைக்காட்டுக்குள் ஆற்றின் மேல்பகுதிக்குப் போகிறோம், சில நாள்கள் தொடர்பு இருக்காது என்று அதில் எழுதியிருந்தாய். சில நாள்கள் என்றால் எத்தனை நாள்கள் என்று கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. காட்டைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தைப் பிள்ளைகளின் மனத்தில் ஊன்றுவதில் சாகசக் கதைக்கு ஈடாக வேறொன்றும் இல்லை என்றும், நான் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை என்றும் அதே கடிதத்தின் நடுவில் எழுதியிருந்தாய் அல்லவா, அதற்குப் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன். படிக்காமல் பதில் சொல்வது ஆசிரியைக்கு அழகில்லை என்பதால் இரண்டு மாதங்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா நலம். தம்பியின் செய்தியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உன் கட்சியில் வலு இருக்கிறது. 1912-இல் டார்ஜான் கதை முதன்முதலாக ஓர் இதழில் வெளிவந்தபோது, அதை எழுதிய எட்கர் ரைஸ் பரோஸ் ஆப்பிரிக்காவைக் கண்ணால் கண்டவர் இல்லை, பிறகும் கண்டதில்லை. புலியே இல்லாத கண்டத்தின் காட்டில் அவர் ஒரு புலியை உலவவிட்டார்; கதை நூலானபோது அந்தப் புலி பெண் சிங்கமாயிற்று. என் வகுப்பில் யாராவது இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். ஆனால் அந்தக் கதையைப் படித்துவிட்டு ஆப்பிரிக்கக் காட்டுக்குப் போயே தீருவேன் என்று முடிவு செய்த சிறுமி ஒருத்தி, டார்ஜான் வேறொரு ஜேனை மணந்துகொண்டானே என்று பொறாமைப்பட்டதாகப் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்லிவந்த ஜேன் குடால், 1960-இல் தம் 26-ஆம் வயதில் சிம்பன்சிகளை ஆராய இன்றைய தான்சானியாவின் கோம்பே காட்டுக்குள் நுழைந்தார். அந்தக் காடு 1968-இல் தேசியப் பூங்காவாயிற்று. 1986-க்குப் பிறகு அவர் ஆய்வுக்கூடாரத்தில் தங்கியதைவிடக் காடுகளுக்காகப் பேசி ஊர் ஊராக அலைந்ததே அதிகம். பிழை மலிந்த ஒரு கதை சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதை எழுத என் கைக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஓர் இளம்பெண் அங்கே தனியாகத் தங்கக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டதால், முதல் சில மாதங்கள் அவருடைய தாயும் அந்தக் கூடாரத்தில் உடன் இருந்தார். இந்தத் தகவலை எந்த உள்நோக்கமும் இல்லாமல்தான் சேர்க்கிறேன்.

1987-இல் ஸ்வீடனில் ஒரு சிறிய கிராமப்புறப் பள்ளியில் மழைக்காடுகள் அழிவதைப் பற்றிய பாடம் நடந்தது. அந்தப் பிள்ளைகள் கேட்டுவிட்டு வருந்தியதோடு நிற்கவில்லை. காட்டை விலைக்கு வாங்கிவிட்டால் வெட்ட முடியாதே என்று பணம் திரட்டத் தொடங்கினார்கள். பிற நாடுகளின் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ள, கோஸ்டா ரிக்காவில் இன்று 22,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருக்கும் ஒரு காடு பிள்ளைகளின் பெயராலேயே வழங்குகிறது. அங்கே நடந்தது பாடம்தானே, கதை இல்லையே என்று உன்னோடு வாதாட நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. ஆண்டுக்கு இத்தனை ஹெக்டேர் அழிகிறது என்ற கணக்கை நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் அதைத் தேர்வில் பிழையில்லாமல் திருப்பி எழுதினார்கள், அவ்வளவுதான். அந்த ஸ்வீடன் பிள்ளைகளோ பாடத்துக்குள் தாங்களே நுழைந்து, இனி நாம் என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். அது கதை படிக்கிறவர்கள் கேட்கிற கேள்வி. இந்த வாதத்தில் நீ வென்றுவிட்டாய் என்று வைத்துக்கொள்.

இருந்தாலும் உன் சாகசக் கதைகளின் மேல் எனக்குள்ள மனக்குறை தீரவில்லை. அவற்றில் வரும் காடு பெரும்பாலும் பகைவனாகவே வருகிறது. நாயகன் வெட்டுக்கத்தியை வீசிக்கொண்டே முன்னேறுகிறான். பாம்பும் சதுப்பும் காய்ச்சலும் அவனைத் தின்னக் காத்திருக்கின்றன. நீ அங்கேயே இருப்பவள், உனக்குத் தெரியாதது இல்லை: முதிர்ந்த மழைக்காட்டில் தரையை எட்டும் வெளிச்சம் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் என்பதால் அடியில் புதர் அதிகம் மண்டுவதில்லை. வெயில் விழும் ஆற்றங்கரையில்தான் செடிகொடிகள் சுவர்போல் அடைத்து நிற்கும். படகில் வந்தவர்கள் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுக் காடு முழுவதும் அப்படித்தான் என்று எழுதிவைத்தார்கள். அதைவிடப் பெரிய பிழை, அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மக்களைக் கதையில் சுமைதூக்கிகளாகவோ அம்பெய்யும் நிழல்களாகவோ மட்டும் நிறுத்தியது. வெறிச்சோடிக் கிடக்கும் பகை நிலம் என்று படித்து வளர்ந்தவனுக்கு, அதை அழிப்பதும் வெற்றியாகத்தானே தோன்றும்? ஒரே கதை ஒரு பிள்ளையிடம் காவலைத் தருகிறது, இன்னொரு பிள்ளையிடம் கோடரியைத் தருகிறது. நீ எந்தப் பக்கம் நின்றாய் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையை உன்னிடம் நேரில் சொன்னதில்லை. நீயும்தான் எதையும் சொல்வதில்லை. வாரத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும் என்று எத்தனை முறை கேட்டிருக்கிறேன்.

உன் அலமாரியில் அட்டை கிழிந்து கிடந்ததே, காட்டில் தொலைந்துபோன ஆங்கிலேயப் பயணி ஃபாசெட்டின் வரலாறு, அதை இப்போதுதான் முழுவதும் படித்தேன். பொலிவியாவின் உவன்சாகா பீடபூமியைப் பற்றித் தாம் சொன்னவையே, 1912-இல் கோனன் டாயில் எழுதிய ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ என்ற சாகச நாவலுக்கு வித்தாயின என்று பெர்சி ஃபாசெட் சொல்லிக்கொண்டார். பிறகு தாமும் ஒரு சாகசக் கதையாகவே ஆகிவிட்டார். தொலைந்துபோன ஒரு நகரத்தைத் தேடிப் பிரேசிலின் காட்டுக்குள் போனவர், 1925 மே 29 அன்று, தோல்விக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று மனைவிக்குக் கடிதம் எழுதி அனுப்பினார். அதற்குப் பிறகு அவரும் இல்லை, உடன் போன மூத்த மகனும் இல்லை, மகனின் நண்பனும் இல்லை. நீ சிறுவயதில் அந்தப் புத்தகத்தைத் தொலைந்துபோனவருக்காகப் படித்தாய். நான் இப்போது அவர் மனைவி நினாவுக்காகப் படிக்கிறேன். கணவரும் மகனும் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டே அந்தப் பெண்மணி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், தாம் இறக்கும்வரை காத்திருந்தார். அந்தப் புத்தகத்தில் அவருக்குக் கிடைத்த பக்கங்கள் எத்தனை என்று நீ எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறாயா?

ஃபாசெட் தேடிய திசையில் ஊர்கள் இருக்கத்தான் செய்தன என்பதுதான் வேடிக்கை. பிரேசிலின் மேல் சிங்கு ஆற்றுப் பகுதியில் அகன்ற சாலைகளும் அகழிகளுமாய் அமைந்திருந்த பழைய குடியிருப்புகளைப் பற்றி, அங்கேயே வாழும் குயிகுரோ மக்களோடு சேர்ந்து பணியாற்றிய ஆய்வாளர்கள் 2003-இல் எழுதினார்கள். தனி ஒருவர் கத்தியோடு நுழைந்து கண்டுபிடிக்க முடியாததை, அந்த மண்ணின் மக்களோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் கண்டுகொண்டார்கள். உன்னிடம் நான் கேட்பதும் இந்தப் பாடத்தைத்தான். தனியாகப் போகாதே. அங்குள்ளவர்கள் வேண்டாம் என்று சொன்னால் ஆற்றில் இறங்காதே. வாரத்துக்கு ஒரு வரி எழுது.

உவன்சாகா பீடபூமி இன்று பொலிவியாவின் ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 2000-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அந்தப் பூங்காவுக்கு ஏன் நோயல் கெம்ப் மெர்காடோவின் பெயர் வைத்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். தேடாமல் இருந்திருக்கலாம். 1986-இல் அந்தப் பீடபூமியில் போதைப்பொருள் கடத்துவோர் கையில் உயிரை விட்ட உயிரியலாளர் அவர். அன்றிரவு நான் உறங்கவில்லை. அப்பாவிடம் காரணம் சொல்லவும் இல்லை.

இப்படியெல்லாம் புத்தகங்களின் பின்னால் ஒளிந்துகொண்டு எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். நான் சொல்ல வேண்டியது வேறு. ஏழாம் வகுப்பில் நீ ஒரு நோட்டுப் புத்தகத்தில் கதை எழுதினாய், மழைக்காட்டுக்குள் வழி தவறிப்போன ஒரு சிறுமியின் கதை. அந்த நோட்டு வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். அது தொலையவில்லை, கயல். கணக்கில் நீ மதிப்பெண் குறைந்து வந்த வாரத்தில், மற்றச் சாகசப் புத்தகங்களோடு சேர்த்து அதையும் நானே எடைக்குப் போட்டேன். நீ மூன்று நாள்கள் தேடினாய். பரண்மேல் ஏறி, பெட்டிகளைக் கொட்டி, நானும் உன்னோடு சேர்ந்து தேடினேன். அந்த மூன்று நாள்களில் ஒரு நாளாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ தேடுவதை நிறுத்திய பிறகு என்னிடம் கதை பேசுவதையும் நிறுத்திவிட்டாய். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அப்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். இன்று உன் மௌனத்தைப் பற்றி நான் புகார் சொல்கிறேன். அந்தப் பழக்கத்தை உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

எடைக்குப் போடுவதற்கு முன் அதைப் படித்தேன். அதில் பதினோரு எழுத்துப் பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்தவும் செய்தேன் என்றால் நீ நம்புவாய். மரம் வெட்ட வருகிறவர்கள் எந்தப் பக்கமாக வருகிறார்கள் என்று பார்ப்பதற்காக அந்தச் சிறுமி காட்டிலேயே உயரமான மரத்தின் உச்சிவரை ஏறியதும், மேகம் அவளுக்குக் கீழே நகர்ந்ததும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. அவள் எப்படிக் கீழே இறங்கினாள் என்பது மட்டும் எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. அதை எழுதி அனுப்பு.

உன் அம்மா