முதியோரின் தனிமையும் பாரோவும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். முதியோரின் மனநலம் பற்றிப் பேசும்போதெல்லாம் இயந்திரத்தை அன்புக்கு எதிரியாகவே நிறுத்தும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், ஜப்பானின் ‘பாரோ’ பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். தகனோரி ஷிபாதா என்ற பொறியாளர் 1993-இல் உருவாக்கத் தொடங்கிய இந்த ரோபோ, வெண்ணிற மென்மயிர் போர்த்திய கடல்நாய்க் குட்டியின் உருவம் கொண்டது. தடவிக் கொடுத்தால் கண்ணிமைத்துக் குரல் எழுப்பும், வைத்த பெயரைப் பழகிக்கொண்டு அழைப்புக்குச் செவிசாய்க்கும். நாயாகவோ பூனையாகவோ செய்தால் உண்மையான விலங்கோடு ஒப்பிட்டு மக்கள் ஏமாறுவார்கள் என்பதாலேயே, பெரும்பாலோர் நெருங்கிப் பழகியிராத கடல்நாயை அவர் தேர்ந்தெடுத்தார். எத்தனை கனிவான யோசனை!

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-இல் இதை மருத்துவக் கருவியாக வகைப்படுத்தியது. மறதிநோய் கண்ட முதியோரின் பதற்றம் தணிவதையும், பேச்சற்று இருந்தவர்கள் பாரோவிடமும், அதைச் சாக்காக வைத்து அருகிலிருப்போரிடமும் பேசத் தொடங்குவதையும் பராமரிப்பு இல்லங்களில் நடந்த ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. இவற்றுள் பின்னதையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனெனில் அங்கே ரோபோ மனிதரின் இடத்தைப் பிடிப்பதில்லை, மனிதரை மனிதரிடம் கொண்டுசேர்க்கிறது.

ஆகவே, இத்தகைய ரோபோவை வாங்கும் இல்லங்கள் அதைக் காரணம் காட்டிச் செவிலியர், பணியாளர் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது என்ற நிபந்தனை, அனுமதி விதிகளிலேயே எழுதப்பட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்