காலாண்டு விடுமுறையில் வீட்டுக்கு ஓர் உரப் பக்கெட்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கப்போகும் இந்த நாட்களில், உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். சமையலறைக் காய்கறிக் கழிவை வீட்டிலேயே உரமாக்கத் தொடங்குங்கள். இப்போதே கேட்பதற்குக் காரணம் உண்டு. உரம் கெடாமல் இருக்கக் காய்ந்த சருகு வேண்டும். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் சென்னையில் காய்ந்த இலை கிடைப்பது கஷ்டம். மழைக்கு முன் ஒரு சாக்கு சருகு சேர்த்து வைத்தால் கார்த்திகை வரை கவலையில்லை.

நாம் கட்டிப் போடும் குப்பைக் கவர் தெருமுனையோடு மறைந்துவிடுவதில்லை. சென்னையின் குப்பைக் கிடங்குகளான பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல பத்தாண்டுகளாகக் குப்பை மலையாகக் குவிந்தது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது. அந்தச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் அந்தக் கிடங்கு தீப்பிடித்து எரிந்தது. காய்கறித் தோலும் சோறும் காற்றுப் புகாமல் அடியில் புதைந்தால் மீத்தேன் உண்டாகிறது. அது எளிதில் தீப்பற்றும் வாயு. ஈரக் கழிவு வீட்டைவிட்டு வெளியே போகாவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

20 லிட்டர் பழைய பெயின்ட் பக்கெட் போதும், ஆனால் மூன்று வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒன்று நிரம்ப ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். நிரம்பியது உரமாக இன்னும் 45 முதல் 60 நாள். மூன்று இருந்தால்தான் சுற்று தடைப்படாது. பக்கெட்டின் அடியில் எட்டுப் பத்துத் துளைகளும், பக்கவாட்டில் நான்கு விரற்கடை இடைவெளியில் சுற்றிலும் துளைகளும் போடுங்கள். பென்சில் நுழையும் அளவு போதும். கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தாதீர்கள், அந்தப் பிளாஸ்டிக் புகை கெடுதல். டிரில்லிங் மெஷினால் பெரியவர்களே போட வேண்டும். இரண்டு செங்கல் மேல் பக்கெட்டை வைத்து, அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

அடியில் மூன்று அங்குலம் சருகு அல்லது தென்னை நார்த்தூள். அதன் மேல் அன்றன்றைய கழிவை விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டு, போட்ட அளவுக்குக் குறையாமல் சருகை நொறுக்கி மூடுங்கள். முதல் வாரம் ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தால் போதும். மூன்று நாளைக்கு ஒருமுறை குச்சியால் அடிவரை கிளற வேண்டும். மூடிக்கும் பக்கெட்டுக்கும் நடுவே கொசுவலைத் துணி கட்டினால் பழ ஈ வராது. சாம்பார், எண்ணெய், மீன் முள், எலும்பு வேண்டாம். டீத்தூளைச் சர்க்கரை போக அலசிப் போடுங்கள், இல்லையென்றால் எறும்பு வரும். ஆயுத பூஜை மாலைகளையும் போடலாம். அதற்குமுன் நைலான் நூலையும் ஜரிகையையும் உருவிவிடுங்கள்; அவை மட்காமல் உரத்தில் அப்படியே கிடக்கும்.

பெரும்பாலானோர் இரண்டாவது வாரத்தில் நாற்றம் தாங்காமல் கைவிடுகிறார்கள். நாற்றம் என்றால் ஈரம் அதிகம், காற்று போதவில்லை என்று பொருள். ஒரு பிடி எடுத்துக் கையால் இறுகப் பிழிந்து பாருங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி. தண்ணீர் வழிந்தால் இரண்டு பிடி சருகு சேர்த்துக் கிளறுங்கள், மறுநாளே குறையும். உதிரியாகவே இருந்து எறும்பு ஏறினால் தண்ணீர் தெளியுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரே இதற்குப் போதும். தடித்த புழுக்கள் நெளிந்தால் பயப்பட வேண்டாம். கழிவைத் தின்று சீக்கிரம் மட்கச் செய்யும் ஒருவகை ஈயின் புழுக்கள் அவை. பிடிக்காதவர்கள் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்குத் தூவலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைக் கிளற விடாதீர்கள், காய்ந்த தூசி ஆகாது. மற்றவர்கள் கிளறியதும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

ஈரக் கழிவு பிரிந்துவிட்டால் மற்றக் குப்பை நாறாது. பால் பாக்கெட்டைக்கூடப் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். பாக்கெட்டின் மூலையைத் தனித் துண்டாக வெட்டி எறியாதீர்கள். அந்த நகத்தளவு பிளாஸ்டிக்கை யாராலும் பொறுக்க முடியாது, மழைநீர் வடிகாலுக்குத்தான் போகும். பாதி வெட்டித் தொங்கவிட்டு ஊற்றி, அலசி, துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காய வையுங்கள். நாப்கின், டயப்பர், உடைந்த கண்ணாடி ஆகியவற்றைச் செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். நம் குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளருக்கு நாம் காட்ட வேண்டிய குறைந்தபட்ச மரியாதை இது.

சருகு கிடைக்காத அடுக்குமாடிப் பெற்றோர்களுக்காக, பள்ளி வளாகத்து வேம்பும் புங்கையும் உதிர்த்ததைச் சேர்த்து வைத்திருக்கிறோம், சனிக்கிழமை காலை 9 முதல் 11 மணிக்குள் வந்து எடுத்துக்கொள்ளலாம். சாக்கு மட்டும் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்