ஏசி கேட்ட பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரக் கூட்டத்தில் ஏழாம் வகுப்புப் பெற்றோர் சிலர் ஒரு மனு கொடுத்தீர்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எல்லா வகுப்புக்கும் ஏசி வைத்துவிடலாமே என்று. பிள்ளை மேலுள்ள கவலையில் கேட்டது எனக்குப் புரிகிறது. மேல்மாடி 7-பி வகுப்பில் பிள்ளைகளே ஒரு வெப்பமானி மாட்டியிருக்கிறார்கள், செவ்வாய்க்கிழமை மதியம் 2 மணிக்கு அது 38 காட்டியது. அன்று அங்கே நான்தான் பாடம் எடுத்தேன், நோட்டுத் திருத்தும்போது தாள் முழங்கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஏசி வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். திட்டுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள்.

நமக்கு 14 வகுப்பறை. அறைக்கு இரண்டு ஏசி, ஒரு ஏசி மணிக்கு சுமாராக ஒன்றரை யூனிட். மொத்தம் மணிக்கு 42 யூனிட். உங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக வரும் 100 யூனிட்டை நம் பள்ளி இரண்டரை மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். பள்ளி முடிவதற்குள் 250 யூனிட். பில்லை நீங்கள் கட்டிவிடுவீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? ஒடிசாவில் வெட்டிய நிலக்கரி பாரதீப்பில் கப்பல் ஏறி எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்கி நம் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் எரிகிறது. ஒரு யூனிட்டுக்கு அரை கிலோவுக்கு மேல் கரி வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். கரண்ட் ஊரெல்லாம் போகிறது, சாம்பல் மட்டும் நம் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் தங்கிவிடுகிறது. இறால் பிடிக்க ஆற்றில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன மாதம் ராத்திரி 11 மணிக்குக் கரண்ட் போய் விடிய விடியத் தூங்காமல் வந்த ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், பவர் ஹவுஸ் நம்ம ஊர்ல, கரண்ட் கட்டும் நம்ம ஊர்லயா?" எனக்குப் பதில் வரவில்லை.

வெயிலும் பழைய வெயிலாக இல்லை. 2024-ல் ஜூன் 6-ம் தேதி திறக்க வேண்டிய பள்ளிகளை வெயிலுக்காக 10-ம் தேதிக்குத் தள்ளிவைத்தார்களே, ஞாபகம் இருக்கும். நமக்கு உச்சி வேளைக்குள் கடல்காற்று வந்துவிட்டால் பிழைத்தோம். மேற்கிலிருந்து மேல்காற்று பலமாக அடித்து அதைத் தள்ளிப்போட்டால் அன்றைக்கு எல்லோருக்கும் தலைவலிதான்.

சரி, என்ன செய்யப்போகிறோம்? மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளைப் பூச்சு, கோடை விடுமுறையிலேயே அடித்திருக்க வேண்டும், தாமதம் என் தப்பு. மேல்மாடி வகுப்புகள் மதியத்துக்கு மேல் கீழே நூலகத்துக்கும் ஹாலுக்கும் இறங்கிவிடும். விளையாட்டு வகுப்பு இனி காலையில் மட்டும். டை வேண்டாம், ஷூவும் வேண்டாம், செருப்பு போதும் (டை கட்டியதால் யாருக்கும் ஆங்கிலம் வந்ததாக என் அனுபவத்தில் இல்லை). பழைய ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கிறது, பிஎல்டிசி என்கிற புது வகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் சுமார்தான். 56 ஃபேனையும் மாற்றிவிட்டால் நாள் முழுக்க ஓட 10 யூனிட் போதும், மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டாலே அது வந்துவிடும். நீங்கள் சேர்க்கிறேன் என்ற பணத்தில் பாதிகூட இதற்கு ஆகாது. சோலார் பலகை மேல் படியும் கரித்தூசியை வாரம் ஒரு முறை துடைக்க மட்டும் ஆள் வேண்டும்.

டப்பாவில் பொரியலும் தேங்காய் போட்டதும் வைக்காதீர்கள், மதியத்துக்குள் ஊசிப்போய்விடுகிறது. போன வாரம் மட்டும் நான்கு பிள்ளைகள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்தார்கள். புளிசாதம், எலுமிச்சை சாதம் தாங்கும். தண்ணீர் பாட்டில் இரண்டு கொடுத்து அனுப்புங்கள், ஆனால் கை கழுவும் குழாயைத் திறந்துவிட்டுக் கதை பேசக் கூடாது என்று வீட்டிலும் சொல்லுங்கள். மீஞ்சூர் பக்கம் கடல்நீரைக் குடிநீராக்க ஆலை கட்டினார்களே, அந்த மாதிரி ஆலையில் 1000 லிட்டருக்கு 3, 4 யூனிட் கரண்ட் ஆகிறது. நாம் வீணாக்குவது தண்ணீர் மட்டும் இல்லை.

அப்புறம் மழைக்காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது நம் பக்கம்தான். அன்று பள்ளி வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட செய்தியைப் பாதிப் பேர் மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தீர்கள், கரண்ட் இல்லாத வீட்டில் போனுக்கு ஏது சார்ஜ். அதனால் இந்த முறை தெருவுக்கு ஒரு பெற்றோர் வேண்டும். அந்தத் தெருப் பிள்ளைகளின் வீடு தெரிந்தவராக, நடந்துபோய்க் கதவைத் தட்டிச் சொல்லக்கூடியவராக இருந்தால் போதும். பட்டியலைத் தாளில் எழுதி என் அறையிலும் வாட்ச்மேன் அண்ணனிடமும் வைக்கப்போகிறேன்.

பெயர் கொடுப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையின் டைரியில் தெருப் பெயரோடு எழுதி அனுப்புங்கள். கடற்கரை ஓரத் தெருக்களுக்கு இரண்டு பேர் வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்